யார் சொன்ன ‘நாளைக்கு’?

பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும் வீடுகளில் ஏதாவது ஒரு சாயங்காலம் இந்தக் கேள்வி வந்தே தீரும்: “அம்மா, டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்ட்டா மாத்தச் சொல்லியிருக்காங்க. எப்படிம்மா மாத்தணும்?” தமிழ் மீடியத்தில் படித்த தாய்மார்கள் பலர் அந்த நேரம் பார்த்து அடுப்படிப் பக்கம் நழுவி விடுகிறார்கள். “அப்பா வரட்டும், கேட்டுக்கோ” என்று ஒரு சமாளிப்பு வேறு! என்னடா இது, சமையலும் குழந்தை வளர்ப்பும் பேசுகிற பக்கத்தில் இங்கிலீஷ் இலக்கணமா என்று புரட்டி விடாதீர்கள். இது அடுப்படியில் நின்றுகொண்டே தீர்த்துக்கொள்ளக் கூடிய சந்தேகம்தான்.

அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியையே பாருங்களேன். ‘மாத்தச் சொல்லியிருக்காங்க’ என்கிறது. வகுப்பிலே டீச்சர் என்ன சொல்லியிருப்பார்? “மாத்துங்க” என்றுதான் சொல்லியிருப்பார். அந்த ‘மாத்துங்க’ வீட்டுக்கு வருவதற்குள் ‘மாத்தச் சொல்லியிருக்காங்க’ என்று ஆகிவிட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அட்டவணை மனப்பாடம் பண்ணவில்லை. எது தெரியவில்லை என்று கேட்டதோ, அதைச் செய்துகொண்டேதான் கேட்டிருக்கிறது! நம் தமிழ்ப் பாடப் புத்தகத்தில் நேர்கூற்று, அயற்கூற்று என்று படித்தோமே, அதுவேதான் இது. பால்காரர் சொன்னதை மாமியாரிடமும், மாமியார் சொன்னதை வீட்டுக்காரரிடமும் காலையிலிருந்து ராத்திரி வரை எடுத்துச் சொல்லிக் கொண்டிருக்கும் நமக்கா இது தெரியாது?

நான் இருப்பது தூத்துக்குடியில். பொழுது சாய்ந்தால் தெருப் பெண்பிள்ளைகள் நாலைந்து பேர் நோட்டும் கையுமாக எங்கள் வராந்தாவுக்கு வந்து விடுவார்கள். உப்பளத்தில் வேலை பார்ப்பவர் மகள் ஒருத்தி, துறைமுகத்துக்கு லாரி ஓட்டுபவர் மகள் ஒருத்தி, கப்பலுக்குப் போயிருப்பவர் மகள் ஒருத்தி. இவர்களோடு மல்லாடியதில் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம், கைடு புத்தகங்கள் இந்தப் பாடத்தை வால் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கின்றன என்பதுதான். எடுத்த எடுப்பில் ‘இஸ்’ என்றால் ‘வாஸ்’, ‘வில்’ என்றால் ‘வுட்’, ‘டுடே’ என்றால் ‘தட் டே’ என்று ஒரு பக்க நீளத்துக்கு அட்டவணை. பிள்ளை மிரண்டு போகாமல் என்ன செய்யும்?

நான் ‘சொன்னாங்க’விலிருந்து ஆரம்பிப்பேன். டாக்டர் வரச் சொன்னார். அம்மா கதவைச் சாத்தச் சொன்னாள். ஆச்சி ரசத்தை இறக்கச் சொன்னாள். இதற்கும் இங்கிலீஷுக்கும் அச்சு மாறவில்லை. ‘வர’ என்பது ‘டு கம்’. ‘வரச் சொன்னார்’ என்பது ‘டோல்ட் மீ டு கம்’. வேண்டாம் என்று சொன்னால், நடுவிலே ஒரு ‘நாட்’ சேர்த்து ‘டோல்ட் மீ நாட் டு கம்’. அவ்வளவுதான். கட்டளை வாக்கியம் முழுவதும் ஒரு சாயங்காலத்தில் முடிந்து போகும். அதிகாரி சொன்னால் ‘டோல்ட்’டுக்குப் பதில் ‘ஆர்டர்ட்’, தயவு செய்து என்று கேட்டால் ‘ரிக்வெஸ்டட்’, டாக்டர் புத்தி சொன்னால் ‘அட்வைஸ்ட்’. ‘ப்ளீஸ்’ என்ற சொல் காணாமல் போய் ‘ரிக்வெஸ்டட்’டுக்குள் ஒளிந்துகொள்ளும் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

ஆஸ்பத்திரிக் கேஸ் ஷீட்டைப் பார்த்திருப்பீர்கள். ‘கம்ப்ளெயின்ஸ் ஆஃப் ஃபீவர்’ என்று எழுதியிருக்கும். நம் வீட்டுப் பெரியவர் ஒருத்தர் அதைப் படித்துவிட்டு, “நான் யார் மேலயும் கம்ப்ளெயின்ட் குடுக்கலியே” என்று பதறியிருக்கிறார்! காய்ச்சல் அடிக்கிறது என்று நோயாளி சொல்கிறார் என்பதுதான் அதன் பொருள். கீழே ‘அட்வைஸ்ட் ரெஸ்ட்’ என்று இருந்தால், ஓய்வெடுக்கச் சொன்னார். கேஸ் ஷீட்டில் பாதி, பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும் வாக்கியங்கள்தான்.

இங்கேயே இன்னொன்றையும் முடித்து விடுவேன். ‘செட்’, ‘டோல்ட்’ இரண்டுமே நமக்கு ‘சொன்னார்’தான். அதனால் பிள்ளைகள் ‘ஹி செட் மீ’ என்று எழுதி மார்க்கைக் கோட்டை விடுகிறார்கள். ‘டோல்ட்’ வந்தால் யாரிடம் என்று உடனே ஆளைச் சொல்ல வேண்டும். ‘டோல்ட் மீ’, ‘டோல்ட் ஹெர்’. ‘செட்’ தனியாக நிற்கும். ஆளைச் சொல்லியே தீரவேண்டும் என்றால் நடுவில் ‘டு’ போட்டுக்கொள்ளும்.

அடுத்தது சாதாரணச் செய்தி வாக்கியம். இதில்தான் தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் வழி பிரிகிறது. அது ஏன் பிரிகிறது என்று புரிந்துவிட்டால் அட்டவணையே வேண்டாம்.

மீன்காரம்மா வாசலில் நின்று, “மைனி, இன்னைக்கு விளமீன் இல்ல, நாளைக்குக் கொண்டாரேன்” என்று சொல்லிவிட்டுப் போகிறாள். நான் அதை என் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வேன்? “நாளைக்குக் கொண்டாரேன்னு சொன்னா.” மீன்காரம்மாவின் வார்த்தை ஒரு எழுத்தும் குறையாமல் அப்படியே இருக்கிறது, வாலில் ஒரு ‘ன்னு’ மட்டும் ஒட்டினேன். ‘என்று’ என்ற சொல்லே ‘என்’ என்ற பழைய வினையிலிருந்து வந்தது; ‘சொல்லி’ என்பதுதான் அதன் பொருள். ‘கொண்டாரேன்’ எனச் சொல்லிச் சொன்னாள்! ஆக, தமிழில் நாம் ஒருத்தர் பேசியதைச் சொல்லும்போது கொஞ்ச நேரம் அவர் வாயாகவே ஆகிவிடுகிறோம். குரலைக்கூட மாற்றிப் பேசிக் காட்டுவோமே!

இங்கிலீஷில் அயற்கூற்றாகச் சொல்லும்போது அப்படி அவர் வாயை இரவல் வாங்க முடியாது. ‘ஷி செட் தட் ஷி வுட் ப்ரிங் ஃபிஷ் த நெக்ஸ்ட் டே.’ பேசியது அவள். ஆனால் வாக்கியம் முழுவதும், சொல்கிற நான் நிற்கிற இடத்திலிருந்தே பார்க்கப்படுகிறது. நான் பார்க்கும்போது அவள் ‘நான்’ அல்ல, ‘அவள்’. ஆகவே ‘ஐ’ போய் ‘ஷி’. அவள் சொல்லி முடித்து விட்டாள், அது போன காலம். ஆகவே ‘வில்’ ஒரு படி பின்னால் போய் ‘வுட்’. அவள் ‘நாளைக்கு’ என்றது அவளுடைய நாளை. எனக்கு அது ‘மறுநாள்’. கைடில் இருக்கிற பெரிய அட்டவணை முழுவதும் இந்த ஒரே விஷயம்தான். ‘இஸ்’ ஏன் ‘வாஸ்’ ஆகிறது, ‘கேன்’ ஏன் ‘குட்’ ஆகிறது, ‘ஹேவ்’ ஏன் ‘ஹேட்’ ஆகிறது, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: சொன்னவர் அந்தப் பக்கம் நின்றார், நீ இந்தப் பக்கம் நிற்கிறாய். ஏற்கனவே போன காலத்தில் இருப்பதும் இன்னும் ஒரு படி பின்னால் போகும். ‘ஐ சா’ என்பது ‘ஹேட் சீன்’ என்று ஆகும்.

‘செட்’ என்றில்லாமல் ‘செஸ்’ என்று நிகழ்காலத்தில் வந்தால் பின்னால் போகவே வேண்டாம். அவர் இப்போதுதானே சொல்கிறார்! அதே போல என்றைக்கும் மாறாத உண்மையும் அசையாது. எங்கள் ஊரில் இதற்கு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. கடல் தண்ணீர் உப்பு என்று தாத்தா சொன்னார். ‘கிராண்ட்ஃபாதர் செட் தட் ஸீ வாட்டர் இஸ் சால்ட்டி.’ தாத்தா போய் எத்தனை வருஷம் ஆனாலும் கடல் தண்ணீர் இனித்துவிடப் போவதில்லையே, அங்கே எதற்கு ‘வாஸ்’?

காலத்தையும் இடத்தையும் குறிக்கும் சொற்களில் பிள்ளைகள் மந்திரம் ஓதுவது போல ஓதுகிறார்கள்: ‘டுடே தட் டே, யெஸ்டர்டே த டே பிஃபோர், ஹியர் தேர்.’ எனக்கு இது கொஞ்சமும் பிடிப்பதில்லை. எங்கள் ஊர்ப் பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு ஜூலை 26-ல் கொடியேற்றம். ஆகஸ்ட் 5 பெரிய திருநாள். 26-ந் தேதி காலையில் ஒருத்தி, “இன்னைக்குக் கொடியேத்தம்” என்கிறாள். அதை அன்று மத்தியானமே நான் இங்கிலீஷில் சொன்னால் ‘டுடே’ என்றே சொல்லலாம். அவளுடைய இன்றும் என்னுடைய இன்றும் ஒன்றுதானே! ஒரு வாரம் கழித்துச் சொன்னால்தான் ‘தட் டே’ ஆகவேண்டும். ‘ஹியர்’ என்பதும் அப்படியே. அதே கோயில் வாசலில் நின்று சொன்னால் ‘ஹியர்’, வீட்டுக்கு வந்து சொன்னால் ‘தேர்’. பரீட்சைத் தாளில் யார் எங்கே எப்போது என்று ஒன்றும் சொல்லியிருக்காது. அதனால் அங்கே மாற்றிவிடுவதுதான் பத்திரம். ஆனால் ஏன் மாற்றுகிறோம் என்பது தெரிந்து மாற்ற வேண்டும்.

இது ஏதோ மார்க் சமாசாரம் என்று நினைத்து விடாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு இளம் தாய். மூத்ததுக்கு மூன்று வயசு, இளையது கைக்குழந்தை. மூத்ததுக்குக் காய்ச்சல். கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போக முடியாமல், செவ்வாய்க்கிழமை ராத்திரி மாமியாரோடு டாக்டரிடம் அனுப்பி வைத்தாள். அவர்கள் திரும்பி வரும்போது இவள் குழந்தையோடு அயர்ந்து தூங்கிவிட்டாள். மறுநாள் காலையில் மாமியார் சொன்னார்கள்: “காய்ச்சல் விடலைன்னா நாளைக்குக் கூட்டிட்டு வாங்கன்னு டாக்டர் சொன்னாக. ரத்தம் எடுத்துப் பாக்கணுமாம்.” சீட்டில் மருந்து மட்டும்தான் எழுதியிருந்தது. புதன்கிழமை மத்தியானம் அவள் என்னிடம், “காய்ச்சல் விட்டபாடில்லக்கா, நாளைக்கு டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போணும்” என்றாள். “டாக்டர் எப்பச் சொன்னாரு?” என்றேன். “நேத்து ராத்திரி.” நேற்று ராத்திரி சொன்ன ‘நாளைக்கு’ என்பது இன்றைக்கல்லவா! அவளுக்கு முகம் வெளிறிவிட்டது. உடனே ஆட்டோ வைத்துப் போனார்கள். பிள்ளைக்கு உடம்பில் நீர்ச்சத்து குறைந்து போயிருந்ததால் ராத்திரி முழுவதும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்தது, இப்போது வராந்தாவில் ஏறிக் குதிக்கிறது.

இதில் யார்மேல் குற்றம் சொல்ல முடியும்? டாக்டர் சொன்னதை மாமியார் ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. மாற்றாமல் சொன்னதுதான் சங்கடமாகிவிட்டது. ‘ன்னு’வுக்கு முன்னால் இருந்த ‘நாளைக்கு’ டாக்டருடையது. மருமகள் காதில் அது தன்னுடைய நாளையாக விழுந்தது. ‘புதன்கிழமை வரச் சொன்னாக’ என்றிருந்தால் பிசகே இல்லை. அன்றிலிருந்து தெருவிலே எல்லோரிடமும் நான் சொல்வது, டாக்டர் வாயால் சொல்வதை அங்கேயே ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதில் ‘நாளைக்கு’, ‘நாளன்னைக்கு’, ‘அடுத்த வாரம்’ என்று எழுதாமல் தேதியும் கிழமையும் போட்டு எழுதுங்கள். போனில் குரலை அனுப்புகிறவர்களும் அப்படியே. காலையில் அனுப்பிய ‘இன்னைக்கு’வை வாட்ஸ்அப்பில் மறுநாள் கேட்கிறவர்கள் உண்டு.

தமிழைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். இங்கிலீஷ் திண்டாடுகிற இடமும் இருக்கிறது. ‘ராணி டோல்ட் மேரி தட் ஷி ஹேட் பாஸ்ட்.’ யார் பாஸ்? ராணியா, மேரியா? அந்த ‘ஷி’யை வைத்துக்கொண்டு பிரம்மாவாலும் சொல்ல முடியாது. நம் தமிழில் ‘தான்’ என்று ஒரு சொல் இருக்கிறது பாருங்கள். ‘தான் பாஸாகிவிட்டதாக மேரியிடம் ராணி சொன்னாள்’ என்றால் ராணிதான், சந்தேகமே இல்லை. சொன்னவரையே திரும்பிக் காட்டும் சுட்டுவிரல் மாதிரி அந்தச் சொல். இங்கிலீஷில் இந்த மாதிரி ஒன்று கிடையாது. அங்கே பெயரை மறுபடி சொல்ல வேண்டும், அல்லது மேற்கோள் குறிக்குள் அவள் சொன்னதை அப்படியே போட வேண்டும். ஆனால் ‘தான்’ என்பதை விட்டுவிட்டு, ‘நான் போக வேண்டாம்னு அவ சொன்னா’ என்று நாம் பேசும்போது நமக்கும் தகராறுதான். போக வேண்டாம் என்றது அவளையா, என்னையா? எத்தனை வீட்டில் இதனால் சண்டை வந்திருக்கிறது!

கேள்வி வாக்கியத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். ‘சாப்பிட்டியான்னு அம்மா கேட்டா.’ அந்த ‘ஆ’வுக்கு இங்கிலீஷில் ‘இஃப்’: ‘மதர் ஆஸ்க்ட் மீ இஃப் ஐ ஹேட் ஈட்டன்.’ ‘எங்கே’, ‘எப்போது’, ‘ஏன்’ என்று கேள்விச் சொல்லே இருந்தால் ‘இஃப்’ வேண்டாம். தவறு எங்கே வருகிறதென்றால், ‘ஆஸ்க்ட் மீ வேர் வாஸ் ஐ கோயிங்’ என்று கேள்வியின் வரிசையை அப்படியே வைத்து விடுகிறார்கள். ‘வேர் ஐ வாஸ் கோயிங்’ என்பதே சரி. கேட்டவர் கேட்டு முடித்துவிட்டார். நீ இப்போது கேட்கவில்லை, சொல்கிறாய். கேள்விக்குறியும் போய்விடும்.

இங்கிலீஷ்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய இன்னொரு சொல் நம்மிடம் உண்டு. வாலில் ஒட்டிக்கொண்டு வரும் ‘ஆம்’. வந்தாராம், போனாராம், கலியாணமாம். ‘நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன்’ என்பதை ஓர் எழுத்து ஒன்றரை எழுத்தில் சொல்லிவிடுகிறோம். மேலே அந்த மாமியார், ‘ரத்தம் எடுத்துப் பாக்கணுமாம்’ என்றார்களே, அதில் ‘இது என் யோசனையல்ல, டாக்டர் யோசனை’ என்பதும் அடங்கிவிட்டது. இங்கிலீஷில் இதற்கு ‘ஐ ஹியர் தட்’ என்றோ, ‘இட் இஸ் செட் தட்’ என்றோ தனியாகக் கூட்ட வேண்டும். பத்திரிகைகளில் ‘ரிப்போர்ட்டட்லி’ என்று போடுவார்கள். எங்கள் ஊர் முத்துக்குளிப்பு 1961-ம் வருஷத்தோடு நின்று போனது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் ‘குளித்தார்கள்’ என்று சொன்னார்கள். நாங்கள் ‘குளித்தார்களாம்’ என்கிறோம். கல்லைக் கட்டி இறங்குவார்களாம், மேலே கயிற்றைப் பிடித்து நிற்பவர் பெரும்பாலும் பெண் கொடுத்த வீட்டு மச்சானாக இருப்பாராம், தங்கை தாலிக்காக அவர் கயிற்றை விடமாட்டாராம். ஒரு தொழில் ஊரை விட்டுப் போனது அந்த ‘ஆம்’மிலேயே தெரிந்துவிடுகிறது.

ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் எடுத்துச் சொல்வதில் வரும் சிக்கல் இந்தக் கரைக்குப் புதிதும் அல்ல. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பாஷையும் ஓரளவு தெரிந்த உள்ளூர்க்காரர்களை வைத்துத்தான் ஜெபங்களைத் தமிழாக்கினார். ‘நம்புகிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று விழுந்துவிட்டது! அதைக் கண்டுபிடித்து, ‘வேணும்’ என்பதை எடுத்துவிட்டு ‘விசுவாசம்’ என்று போடும்படி 1544-ல் தம் துணைவர் மான்சிலாஸுக்குக் கடிதம் எழுதினார். அவருக்குப் பின்னால் வந்த அண்ட்ரிக் அடிகளார் துபாஷியை நம்பிப் பயனில்லை என்று புன்னைக்காயலில் இருந்து தமிழையே முறையாகப் படித்து, போர்த்துக்கீசில் தமிழ் இலக்கணமும் எழுதினார். அவர் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்தில் அச்சாயிற்று.

அதைவிட நெஞ்சைத் தொடுவது வ.உ.சி. வழக்கு. 1908-ம் வருஷம் பிப்ரவரி, மார்ச்சில் அவரும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடியில் கூட்டம் கூட்டமாகப் பேசினார்கள். கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்த சமயம் அது. பேசியது தமிழில். கூட்டத்தில் இருந்த போலீஸ்காரர்கள் எடுத்த குறிப்பு இங்கிலீஷாகிக் கோர்ட்டுக்குப் போயிற்று. திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே முன்னால் ராஜத்துரோக வழக்கு. கடற்காற்றில், அத்தனை ஜனக் கூட்டத்தின் நடுவில், ஆவேசமாகப் பேசிய பேச்சு ‘ஹி செட் தட்’ என்று காகிதத்தில் எப்படி வந்து உட்கார்ந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஏளனம், வேடிக்கை, எதிரி சொன்னதை அவன் குரலிலேயே சொல்லிக் காட்டுவது, இதெல்லாம் அயற்கூற்றில் எங்கே நிற்கும்? 1908 ஜூலை 7-ல் தீர்ப்பு. வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை, சிவாவுக்கு 10 வருஷம். மேல் கோர்ட்டில் தண்டனை குறைந்தாலும் அவர் வெளியே வர 1912 கடைசி ஆகிவிட்டது. 2011-ல் எங்கள் துறைமுகத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இந்தப் பாடம் நடத்தும்போது பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடுவதில்லை. மேற்கோள் குறி என்பது வெறும் இரண்டு கொம்பு அல்ல என்று அப்போது அவர்களுக்கே பட்டுவிடும்.

வீட்டில் சொல்லிக் கொடுக்க நோட்டுகூட வேண்டியதில்லை. தோசை வார்த்துக்கொண்டே, “அப்பா போன்ல என்ன சொன்னாரு?” என்று கேளுங்கள். முதலில் அவர் சொன்னபடியே சொல்லட்டும். பிறகு, ‘ன்னு’ போடாமல் ‘வருவதாக’, ‘வரச் சொல்லி’ என்று சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் இங்கிலீஷ். பத்து நாள் போதும். ஆனால் கல் காயும்வரை காத்திருக்கிற பொறுமை வேண்டும்.

போன ஜூலையில் இப்படித்தான் கப்பல்காரர் மகளிடம் அவளுடைய அப்பா போனில் சொன்னதை எழுதச் சொன்னேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை. “கொடியேத்தத்துக்கு ஊருக்கு வந்துருவேன்” என்று அவர் சொல்லியிருந்தார். பக்கத்தில் இருந்தவள் ‘ஹி செட் தட் ஹி வுட் கம்’ என்று எழுதிவிட்டாள். இவள் மட்டும் ‘ஹி செட் தட் ஹி வில் கம்’ என்று எழுதிவிட்டு, அழிக்கமாட்டேன் என்று பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். “ஏட்டி, ‘வுட்’ போடணும்லா?” என்றேன். “26-ந் தேதி இன்னும் வரலியேக்கா. அப்பா வரத்தானே போறாக? ‘வுட்’னு போட்டா, சொன்னாக, வரலைங்கிற மாதிரி இருக்கு” என்றாள்.

இலக்கணப்படி அவள் சொன்னது சரிதான். சொன்ன காரியம் இன்னும் நடக்க இருக்கிறதென்றால் ‘வில்’லை அப்படியே வைத்துக்கொள்ள இங்கிலீஷில் இடம் உண்டு. பரீட்சைத் தாள் திருத்துகிறவர்கள்தான் ‘வுட்’ எதிர்பார்ப்பார்கள். அதனால், “பரீட்சையில ‘வுட்’டே எழுது, இந்த நோட்டுல ‘வில்’லே இருக்கட்டும்” என்றேன். 25-ந் தேதி ராத்திரி அவர் பெட்டியோடு தெருவுக்குள் நுழைந்தபோது முதலில் சத்தம் போட்டது அவள்தான்.